பென்ஷனைச் சந்தைக்கு அனுப்பும் அரசியல்: புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. பக்கத்தில் தக்கோலத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம். இரண்டுமே பழைய வட ஆற்காட்டு மண். இரண்டு இடத்திலும் சீருடைதான், இரண்டு இடத்துக்கும் சம்பளம் டெல்லியிலிருந்துதான். ஆனால் 2005-இல் கடற்படையில் சேர்ந்த மாலுமிக்குப் பழைய பென்ஷன், அதாவது அரசே உறுதி தரும் ஓய்வூதியம், உண்டு. அதே ஆண்டு தொழிற்பாதுகாப்புப் படையில் சேர்ந்த காவலருக்கு அது கிடையாது, அவர் என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறார். மத்தியக் காவல் படைகளுக்கும் பழைய பென்ஷன் உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

பழைய பென்ஷன் கட்டுப்படியாகாது என்பதுதான் காரணம் என்றால், ராணுவத்தின் பென்ஷன் அல்லவா ஆகப் பெரிய செலவு? அதை ஏன் தொடவில்லை? ஓய்வூதியச் சீர்திருத்தம் என்ற பெயரில் எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முன்னுரையில் நிதி நெருக்கடி, சராசரி ஆயுள், வருங்காலச் சந்ததி என்று காரணங்கள் எழுதியிருக்கும். திட்டத்தின் அரசியல் நோக்கம் தெரிய வேண்டுமானால் விலக்குப் பட்டியலையும் அமலாகும் தேதியையும் பார்க்க வேண்டும்.

முதலில் அடிப்படை. பழைய பென்ஷனில் ஊழியர் தனியாக எதுவும் கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் 30 ஆண்டு தகுதியுள்ள பணி முடித்தவருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அதன்மேல் அகவிலைப்படி, அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம். இன்றைய வரிப்பணத்திலிருந்து நேற்றைய ஊழியருக்குக் கொடுக்கிறார்கள். விலைவாசி ஏறினாலும், அவர் 95 வயது வரை இருந்தாலும், சந்தை விழுந்தாலும் சுமை அரசுடையது.

புதிய முறையில் ஊழியர் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் கட்டுகிறார், அரசும் ஒரு பங்கு போடுகிறது. மத்திய அரசின் பங்கு 2019 முதல் 14 சதவீதம். அந்தப் பணம் அவரவர் பெயரில் கணக்காகி, கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் முதலீடாகிறது. ஓய்வு பெறும் நாளில் கணக்கில் இருப்பதுதான் அவருடையது. அரசு ஊழியர் 60 சதவீதம் வரை கையில் வாங்கலாம். மீதி 40 சதவீதத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்யுட்டி, அதாவது மாதாமாதம் பணம் தரும் பாலிசி, வாங்க வேண்டும். என்.பி.எஸ். பணத்தைக் கையாள்பவற்றில் எஸ்.பி.ஐ., எல்.ஐ.சி. குழும நிறுவனங்களும் உண்டு. அப்படியிருக்க இது எப்படித் தனியார்மயம் என்று பலர் கேட்கிறார்கள். பணத்தை நிர்வகிப்பது அரசு நிறுவனமாகவே இருக்கட்டும்; நட்டம் வந்தால் தாங்குவது யார் என்று பாருங்கள். முன்பு அரசு தாங்கியது, இப்போது தனி மனிதர் தாங்குகிறார். தனியாரிடம் போனது அந்த ஆபத்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காட்பாடியில் ஒரு பள்ளி ஆசிரியர் 30 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 ரூபாய், அகவிலைப்படி 50 சதவீதம், ஆக 1,20,000. பழைய முறையில் பென்ஷன் 40,000, அகவிலைப்படி 20,000, மொத்தம் 60,000 ரூபாய். புதிய முறைக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. சம்பளம் ஆண்டுக்கு எந்த வேகத்தில் ஏறுகிறதோ அதே வேகத்தில் சேமிப்பும் வளர்ந்தால், கடைசியில் சேரும் தொகை என்பது பங்களிப்பு விகிதத்தைப் பணி ஆண்டுகளாலும் கடைசி ஆண்டுச் சம்பளத்தாலும் பெருக்கினால் வருவது. ஊழியர் 10, அரசு 10 என்றால் 20 சதவீதம். 30 ஆண்டுக்கு ஆறு மடங்கு. கடைசி ஆண்டுச் சம்பளம் 14.4 லட்சம், ஆறு மடங்கு 86.4 லட்சம். இதில் 40 சதவீதமான 34.56 லட்சத்துக்கு 6.5 சதவீத ஆன்யுட்டி வாங்கினால் மாதம் சுமார் 18,700 ரூபாய் வரும். கையில் 51.84 லட்சம் இருக்கும். ஒரு ரூபாயும் கையில் எடுக்காமல் முழுத் தொகைக்கும் ஆன்யுட்டி வாங்கினாலும் சுமார் 46,800தான்.

முதல் மாத வித்தியாசத்தைவிடப் பத்தாவது ஆண்டின் வித்தியாசம்தான் பெரிது. அதற்குள் அகவிலைப்படி 110 சதவீதத்தைத் தொட்டிருந்தால் பழைய பென்ஷன்காரர் 84,000 வாங்குவார். வழக்கமான ஆன்யுட்டியில் அந்த 18,700 அசையாது. இன்னொன்றும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. பணியின் கடைசிக் காலத்தில் ஊதியக்குழு வந்து சம்பளம் ஒரே தாவாகத் தாவினால், பழைய பென்ஷன் அந்தத் தாவலோடு சேர்ந்து ஏறிவிடும். சேமிப்புக் கணக்கு ஏறாது. 25 ஆண்டாகச் சிறிய சம்பளத்தில் பிடித்த சிறிய தொகைகள்தான் அதில் இருக்கும்.

இவ்வளவு இழப்பு வரும் ஒன்றை எந்த அரசியல்வாதி துணிந்து கொண்டுவருவார்? தேதிகளைப் பாருங்கள். மத்திய அரசின் அறிவிக்கை 2003 டிசம்பர் 22, அமல் 2004 ஜனவரி 1. வாஜ்பாய் அரசு மக்களவைத் தேர்தலைச் சந்தித்தது அடுத்த ஏப்ரல், மே மாதங்களில். தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு பென்ஷனில் கைவைக்க முடிந்ததற்குக் காரணம், அப்போது பணியிலிருந்த எவருக்கும் ஒரு காசுகூடக் குறையவில்லை என்பதே. இழக்கப்போகிறவர்கள் அன்றைக்குக் கல்லூரியிலும் பள்ளியிலும் இருந்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. தாங்கள் ஒன்றை இழக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. சங்கத்தில் இருந்தவர்களுக்கோ இழப்பு இல்லை. ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் இருப்பவர்களை ஒரு தேதி இரண்டாகப் பிரித்துவிட்டது. அடுத்து வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசும் இதைக் கைவிடவில்லை. ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் அதன் காலத்தில்தான், 2013-இல் நிறைவேறியது. மேற்கு வங்கம் மட்டும் கடைசிவரை இதற்குள் வரவில்லை.

தமிழ்நாட்டில் இது இன்னும் கடுமையாக நடந்தது. ஓய்வுக்காலப் பலன்கள் உள்ளிட்டவை பறிக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை 2-இல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை வேலையை விட்டு நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் சொன்னது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சி.பி.எஸ்.ஸுக்கான அரசாணை எண் 259-ம் அதே ஆகஸ்டில்தான் வந்தது, 2003 ஏப்ரல் 1 முதல் என்று முன்தேதியிட்டு. போன வேலையைத் திரும்ப வாங்க ஓடிக்கொண்டிருந்தவர்கள், இனி வரப்போகிறவர்களுக்காகப் போராடும் நிலையிலா இருந்தார்கள்?

ராணுவ விலக்கு இந்தியாவில் கண்டுபிடித்தது அல்ல. பென்ஷனை முழுக்கத் தனியார்மயமாக்கிய முதல் நாடு சிலி. பினோசேயின் ராணுவ ஆட்சியில், தொழிலாளர் அமைச்சர் ஹோசே பின்யேராவின் வடிவமைப்பில், 1981-இல் அமலானது. தொழிலாளி சம்பளத்தில் 10 சதவீதம் தனியார் நிதி நிறுவனத்துக்குப் போகும். முதலாளியின் பங்கு பூச்சியம். இது சிறந்த முறை என்று ஊருக்கெல்லாம் சொன்ன அரசு, தன் ராணுவத்தையும் காவல் படையையும் பழைய முறையிலேயே வைத்துக்கொண்டது. ஆட்சி நிற்பது யார் தோளில் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவிலும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பழைய வகைப் பென்ஷன் தொடர்கிறது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2023 ஏப்ரல் முதல் மாதம் 31,000 ரூபாய் பென்ஷன். பங்குச்சந்தை என்ன ஆனாலும் அது குறையாது.

வேலூர் பக்கம் இந்த விலக்கு எவ்வளவு பெரிது என்பதைக் கம்மவான்பேட்டையில் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இப்படிப்பட்ட ஊரில் பென்ஷன் என்பது விதை வாங்கும் பணம், கல்யாணச் செலவு, பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். 2022-இல் அக்னிபத் எனும் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தது. இனி சிப்பாயாகச் சேர்பவருக்கு நான்கு ஆண்டுதான். நான்கில் ஒரு பங்கினர் வரைதான் தொடரலாம். மற்றவர்கள் சேவா நிதியோடு வீடு திரும்ப வேண்டும். அந்த நிதியில் பாதி அவர்களின் சொந்தச் சம்பளத்தில் மாதம் 30 சதவீதம் பிடித்தது, பாதி அரசு போட்டது. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. தந்தையின் பென்ஷனைத் தொடவில்லை, மகனுக்கு வராமல் செய்துவிட்டார்கள். 2004-இல் கிடைத்த விலக்குகூட அன்று சேவையில் இருந்தவர்களுக்கும் அவர்களுக்கு அடுத்த சில ஆண்டு ஆட்களுக்கும்தான் என்பது 18 ஆண்டு கழித்துத் தெரிந்தது.

இனி செலவுக் கணக்கு. பென்ஷன் செலவு ஏறுவது உண்மை, அதைப் பொய்க் கவலை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் திட்டத்தை மாற்றினால் செலவு உடனே குறையும் என்பது தவறு. 100 பென்ஷன்காரர்களும் 100 ஊழியர்களும் உள்ள ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 100 பேருக்குப் பென்ஷன் கொடுத்தே ஆக வேண்டும். புதிதாகச் சேர்பவர்களின் கணக்கிலும் மாதாமாதம் பங்கு போட வேண்டும். பழைய முறையில் ஊழியர்களின் சேமிப்பான பொது வருங்கால வைப்பு நிதி அரசின் கையில் புழங்கிக்கொண்டிருந்தது. புதியவர்களின் பணம் வெளியே போவதால் அதுவும் வற்றுகிறது. ஆக, 30 ஆண்டுக்கு மேல் இரட்டைச் செலவு. சிலி இந்தச் சுமையைப் பல பத்தாண்டுகள் சுமந்தது. லாபம் என்று ஒன்று வந்தால், அது இன்றைய முதல்வரின் பேரன் காலத்து நிதியமைச்சருக்குத்தான்.

தமிழ்நாடு இதில் ஒரு தனி வழி எடுத்தது. சி.பி.எஸ். பணத்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் ஒப்படைக்காமல் அரசின் பொதுக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, பொது வருங்கால வைப்பு நிதிக்கான வட்டியையே கொடுத்தது. ஊழியருக்குச் சந்தை ஆபத்து இல்லைதான். ஆனால் உறுதியான பென்ஷனும் இல்லை, ஆன்யுட்டியும் இல்லை. ஓய்வு பெறும்போது ஒரு மொத்தத் தொகை, அவ்வளவுதான். பொறுப்பைக் கைகழுவிய அரசு பணத்தைக் கையில் வைத்துக்கொண்டது என்றே இதை நாங்கள் வாசிக்கிறோம். பழைய பென்ஷன் திரும்பும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. 2025 பிப்ரவரியில் குழு அமைத்தது. 2026 ஜனவரியில், ஊழியரின் 10 சதவீதப் பங்களிப்பு தொடர, கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை அறிவித்தது. அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன.

உடனடி மிச்சம் இல்லை என்றால் பிறகு எதற்காக இதைச் செய்கிறார்கள்? ஒன்று, பணத்தின் போக்கு. மாதம் தவறாமல் வரும், 30 ஆண்டு திரும்பக் கேட்காத பணம் நிதிச்சந்தைக்குக் கிடைக்கும் ஆற்று நீர் மாதிரி. என்.பி.எஸ்.ஸும் அடல் பென்ஷன் திட்டமும் சேர்ந்து இன்று 14 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கையாள்கின்றன. நிர்வாகக் கட்டணம் நம் நாட்டில் மிகக் குறைவு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டணம் ஏறினால் என்ன ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாதம் 10,000 வீதம் 30 ஆண்டு, 8 சதவீத வளர்ச்சியில் சுமார் 1.49 கோடி. கட்டணமாக ஆண்டுக்கு ஒரு சதவீதம் போய் 7 ஆனால் சுமார் 1.22 கோடி. அந்த ஒரு சதவீதத்துக்காக அமைச்சகங்களின் வாசலில் காத்திருக்க நிதி நிறுவனங்களுக்குக் காரணம் உண்டு.

இரண்டாவது, பழியிலிருந்து தப்புவது. மாவட்டக் கருவூலத்திலிருந்து பென்ஷன் வராவிட்டால் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வாசலில் கூட்டம் கூடும். அகவிலைப்படியை நிறுத்தினால் தேர்தலில் பதில் சொல்ல வேண்டும். சந்தை விழுந்து கணக்கில் தொகை குறைந்தால் யார் வாசலில் போய் நிற்பது? அரசியல்வாதிக்கு இதைவிட நிம்மதி தரும் ஏற்பாடு இல்லை.

மூன்றாவது நோக்கம் நீண்டகாலத்துக்கானது: வாக்காளரின் மனத்தை மாற்றுவது. அமெரிக்காவில், கட்டற்ற சந்தையை ஆதரிக்கும் கேட்டோ எனும் ஆய்வு நிறுவனத்தின் இதழில் 1983-இல் இருவர் ஒரு திட்டம் எழுதினார்கள். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை நேராக எதிர்த்தால் தோற்போம். முதியவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி கொடுத்து அவர்களை அமைதிப்படுத்துங்கள், இளைஞர்களுக்குத் தனிக் கணக்குப் பழக்கத்தை ஊட்டுங்கள், வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கூட்டாளிகளாக்குங்கள் என்பது அதன் சாரம். 2005-இல் அமெரிக்க அதிபர் புஷ் தனிக்கணக்குத் திட்டத்தோடு வந்தபோது 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாற்றம் இல்லை என்றே தொடங்கினார். அது வாக்கெடுப்பு வரைகூடப் போகவில்லை, மக்கள் எதிர்ப்பில் அடங்கியது. கையில் பங்கு வைத்திருப்பவர் பங்குச்சந்தைக்கு ஆதரவான ஆட்சியை விரும்புவார் என்ற எதிர்பார்ப்பு இதற்குள் இருக்கிறது.

இன்னொரு வழி சத்தமில்லாதது. பொதுத்திட்டத்தை ஒழிக்காமல் பட்டினி போடுவது. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுத் தோல், காலணித் தொழிலாளர்கள் இருப்பது இ.பி.எஸ்.-95 எனும் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது அதன் சூத்திரம். சூத்திரம் உறுதியானதுதான், ஆனால் சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் 15,000 ஆக வைக்கப்பட்டு அதன்பின் பத்தாண்டு கடந்தும் அப்படியே கிடந்தது. 15 ஆண்டு உழைத்தவருக்கு 15,000 பெருக்கல் 15 வகுத்தல் 70, அதாவது மாதம் 3,214 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. குறைந்தபட்சப் பென்ஷனும் அதே 2014-இல் நிர்ணயித்த 1,000. இதை வாங்கும் அம்மாவைப் பார்த்த மகள், அரசுத் திட்டமே உதவாது, மியூச்சுவல் ஃபண்டில் போடுவோம் என்றுதான் நினைப்பாள். யாரும் எதையும் தனியார்மயமாக்க வேண்டியதே இல்லை.

திருப்பி எடுத்த நாடுகளும் தூய நோக்கத்தோடு எடுத்தன என்று எண்ண வேண்டாம். 1981-க்கும் 2014-க்கும் இடையில் 30 நாடுகள் முழுதாகவோ பாதியாகவோ தனியார்மயமாக்கின. 2018-க்குள் 18 நாடுகள் பின்வாங்கின என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. அர்ஜென்டினா 2008-இலும் ஹங்கேரி 2010-இலும் தனியார் கணக்குகளை அரசுடைமையாக்கியபோது, குவிந்து கிடந்த பெரும்பணம் நெருக்கடியிலிருந்த கருவூலத்துக்கு வந்து சேர்ந்தது. ராஜஸ்தான், பஞ்சாப், இமாச்சலம் போன்ற மாநிலங்கள் 2022 முதல் பழைய பென்ஷனை அறிவித்தன. ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் கீழ் சேர்ந்திருக்கும் ஊழியர் பணத்தைத் திருப்பித் தர மத்திய அரசு மறுத்துவிட்டது. உள்ளே போக ஒரு அரசாணை போதும், வெளியே வரச் சட்டமே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. மத்திய அரசே 2025 ஏப்ரல் 1 முதல் யு.பி.எஸ். எனும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது: 25 ஆண்டு பணிக்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி. உறுதி திரும்பியிருக்கிறது, ஊழியரின் 10 சதவீதப் பங்கும் தொடர்கிறது.

ஆகவே அடுத்த அறிவிப்பு வரும்போது தலைப்பில் உள்ள சதவீதத்தோடு நிறுத்தாதீர்கள். கடைசிச் சம்பளத்தில் பாதியா, கடைசி ஓராண்டுச் சராசரியில் பாதியா? முழு அளவுக்கு எத்தனை ஆண்டு பணி வேண்டும்? 38 வயதில் டி.என்.பி.எஸ்.சி. மூலம் வந்தவருக்கு அந்த ஆண்டுகள் நிறையுமா? அகவிலைப்படி எழுத்தில் இருக்கிறதா, பேச்சில் மட்டுமா? இதுவரை சேர்ந்த தொகை ஊழியரிடம் வருமா, அரசிடம் போகுமா? ஏற்கெனவே ஓய்வு பெற்றுப் போனவர்களுக்கு என்ன? கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அரசாணையின் இறுதிப் பத்தியில் ஒற்றை வரியில் இருக்கும், அல்லது இருக்காது.

சி.பி.எஸ்.ஸில் இருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. ஆண்டுக் கணக்குச் சீட்டை எடுத்து, பிடித்தம் உள்ள சம்பளப் பட்டியலோடு மாதம் மாதமாக ஒப்பிடுங்கள். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வேறு துறைக்கு மாறியவர்கள், 2019-இல் வேலூர் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தபோது சம்பளம் பெறும் அலுவலகம் மாறியவர்கள், நிலுவைச் சம்பளம் மொத்தமாக வாங்கியவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பிடித்த தொகை வேறு கணக்குத் தலைப்பில் போய்விட்டாலோ சி.பி.எஸ். எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலோ அந்த மாதம் சீட்டில் காலியாக இருக்கும். இதை மிஸ்ஸிங் கிரெடிட் என்பார்கள். அந்த மாதப் பட்டியலின் டோக்கன் எண், கருவூல வவுச்சர் எண், தேதி மூன்றையும் எழுதி, சம்பளம் வழங்கும் அலுவலர் வழியாக எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். பத்து ஆண்டு கழித்து வவுச்சரைத் தேடுவது மிகவும் கடினம். அந்த மாதத்தின் அரசுப் பங்கும் வட்டியும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். வாரிசு நியமனப் படிவத்தையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் அதில் இருக்கலாம்.